கம்ப்யூட்டரைப் பிடித்து வைத்தவனும் அந்தோணியம்மாளின் நீல ஐசியும்

1. திங்கட்கிழமை காலை

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் பால் மரம் சீவப் போய்விட்டார்கள். நான் ஆபீசுக்குள் வந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டேன். வழக்கமாகத் திரையில் எங்கள் எஸ்டேட்டின் பெயர் பச்சை எழுத்தில் வரும். அன்று ஒரு கட்டம் வந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். முதல் வரியிலேயே டாலர் என்ற சொல் இருந்தது. எனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்துத் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டேன். பரிசு வாங்குகிறவன் பரட்டைத் தலையோடு இருக்கக் கூடாதல்லவா?

இரண்டாவது வரியைப் படித்தபோது கை தலையிலேயே நின்றுவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம். இத்தனை டாலருக்கு பேங்க் டிராஃப்ட் எடுத்து இந்தத் தபால் பெட்டிக்கு அனுப்பு. பணம் வந்ததும் திறக்கிற டிஸ்கெட் உனக்கு வரும். விஷயம் அவ்வளவுதான். தபால் பெட்டி ஏதோ ஒரு தீவில் இருந்தது. என் மகளின் பள்ளிக்கூட அட்லசில் பிறகு தேடிப் பார்த்தேன். அந்தத் தீவு இருக்க வேண்டிய இடத்தில் புத்தகத்தைத் தைத்த நூல் ஓடியிருந்தது.

இன்றைக்கு இதை ரேன்சம்வேர் என்கிறார்கள். ஆஸ்பத்திரியையும் பேங்க்கையும் பூட்டிவிட்டுக் கோடிக்கணக்கில் கேட்கிறார்களாம். பேப்பரில் அப்படிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் லாபு பக்கத்தில், வெளியுலகம் எட்டிப் பார்க்காத ஒரு ரப்பர்த் தோட்டத்தில், இந்த வியாதியை முதலில் வாங்கி வந்தவன் நான்.

வாங்கி வந்தவன் என்பது சும்மா பேச்சுக்கில்லை. மூன்று ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். சிரம்பான் டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் விளையாட்டு டிஸ்கெட் விற்றார்கள். ஒரு குரங்கு மரம் ஏறித் தேங்காய் பறிக்க வேண்டும். கீழே இருந்து ஒருவன் கல்லெறிவான். ஐந்து வாரமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அந்தக் குரங்கு. குரங்கோடு கூடவே திருடனும் உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

2. பொட்டு

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கைக் கிராணி என்று சொல்வோம். நான் அப்போது இரண்டாவது கிராணி. எங்கள் மேனேஜர் மலாய்க்காரர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். அவரும் எங்கள் தமிழிலேயே பதில் சொல்வார்.

துரை திரையைக் குனிந்து பார்த்தார். "ஆப்பா இனி, கிராணி? என்னா இது? யாரு இவன்?"

"தெரியல துரை. பூட்டிட்டானாம். பணம் கேக்குறான்."

"எப்படி உள்ள வந்தான்?"

"அதான் துரை எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக நான் நடித்ததில்லை.

மிஷினை விற்ற சிரம்பான் கடைக்காரருக்குப் போன் போட்டேன். சீனர், நல்ல மனிதர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார். "பணம் அனுப்பாத லா. பிடிச்சு வச்சவன் சொல்ற வார்த்தைய நம்புவியா? என் கஸ்டமர் ஒருத்தரு அனுப்பினாரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கவர்கூட வரல. நீ பேக்கப் எடுத்து வச்சிருக்கியா?"

"இருக்கே!" என்றேன் கம்பீரமாக. போனைப் பிடித்த கையைத் தவிர மீதி உடம்பு முழுக்க ஆடியது, சந்தோஷத்தில்.

பேக்கப் என்றால் உள்ளே இருப்பதை இன்னொரு டிஸ்கெட்டில் படியெடுத்து வைப்பது. இரண்டு டிஸ்கெட்டில் எடுத்து வைத்திருந்தேன். அவை எங்கே இருந்தன? சாமி படத்துக்குப் பக்கத்தில். காரணம் இருக்கிறது. ஆயுத பூசை அன்று எங்கள் எஸ்டேட்டில் பால் கத்தி, லாரி, டைப்ரைட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் வைத்தோம். கம்ப்யூட்டருக்கு வைத்துவிட்டு அதன் பிள்ளைகளுக்கு வைக்காமல் விடலாமா? டிஸ்கெட்டுகளையும் தட்டில் அடுக்கினேன்.

அந்தக் காலத்து டிஸ்கெட் கையகலம் இருக்கும், வளையும். மேலுறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் மிஷின் உள்ளே இருக்கும் தட்டைப் படிக்கும். எனக்கு அந்த இடம் பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது. அங்கேதான் பொட்டு வைத்தேன். சந்தனம் நன்றாக ஒட்ட வேண்டும் என்று விரலால் அழுத்தி, மேலே குங்குமம், பிறகு தீர்த்தம். பூசை முடிந்த பொருளை எடுத்துப் புழங்குவது மரியாதையில்லை என்று அப்படியே சாமி படத்துப் பலகையில் வைத்துவிட்டேன். ஐந்து மாதமாக யாரும் தொடவில்லை.

மிஷினில் போட்டேன். உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. வெளியே எடுத்தபோது சந்தனம் மணத்தது. படிக்க ஒன்றும் இல்லை.

3. அந்தோணியம்மாள்

பகல் ஒரு மணிக்கு, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தோணியம்மாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நாற்பது வருஷமாக மரம் சீவுகிறவர். அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து, வேலை முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். வெளியே தாமான் குடியிருப்பில் மலிவு வீட்டுக்கு எழுதிப் போடலாம் என்றால் அதற்கு நீல ஐசி, அதாவது குடியுரிமை உள்ளவர் வைத்திருக்கும் அடையாள அட்டை வேண்டும். அவரிடம் இருந்தது சிவப்பு, குடியுரிமை இல்லாதவருடையது. இதே எஸ்டேட்டில் பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆறு வருஷமாக மனுப் போட்டு, இப்போதுதான் சிரம்பானுக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை.

"கிராணி, என் லெட்டர் ரெடியா?"

அந்த லெட்டரில் அவர் அப்பா எப்போது இந்தத் தோட்டத்துக்கு வந்தார், இவர் எப்போது பிறந்தார், எப்போது வேலைக்குப் பேர் பதிந்தார் என்று ஆபீஸ் கணக்கிலிருந்து எடுத்து எழுதி, சீல் வைத்துத் தர வேண்டும். பழைய ஆள் பதிவேட்டில் எல்லாம் இருந்தது. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான்தான். அவர் பேரை நான் மறக்கவே முடியாது. பேருக்குப் பத்து எழுத்துதான் மிஷினில் இடம். ஆங்கிலத்தில் அவர் பேருக்குப் பன்னிரண்டு. நானே போய், "அக்கா, கடைசி ரெண்டெழுத்த வெட்டிக்கவா?" என்று கேட்டேன். "வெட்டிக்குங்க, சம்பளத்துல வெட்டாம இருந்தா சரி" என்றார்.

பழைய பதிவேடு எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். பதிலும் எனக்கே தெரியும். கம்ப்யூட்டர் வந்ததும் துரை பழைய புத்தகங்களை ஸ்டோரில் பத்திரமாக வைக்கச் சொன்னார். ஸ்டோர் தூரம். புத்தகங்களில் கரையான் வேறு. கம்ப்யூட்டர் இருக்கும்போது இந்தக் குப்பை எதற்கு என்று, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்து அடுப்பில் நானே தள்ளிவிட்டேன். நன்றாக எரிந்தது. அன்றைய ஷீட் நல்ல நிறத்தில் வந்தது என்று அடுப்புக்காரர் பாராட்டினார்.

"நாளைக்குத் தர்றேன்க்கா. மிஷின் கொஞ்சம் சரியில்ல" என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்தார். "மிஷின் சூடா இருக்குக்கா. ஆறணும்."

"ஏன், காய்ச்சலா அதுக்கு? நெத்தியில துணிய நனைச்சுப் போடுங்க." ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். "அது என்னா, எப்பப் பாத்தாலும் அதே எழுத்து நிக்குது?"

நான் உடம்பால் திரையை மறைத்தேன். என் உடம்பு மறைக்கப் போதுமானது அல்ல.

அன்று மாலை துரையிடம் போய்க் குரங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை எரித்ததையும் சொன்னேன். துரை எழுந்து கதவைச் சாத்தினார். "கிராணி, அடுத்த மாசம் ஹெட் ஆபீசிலேர்ந்து ஆள் வருது. அதுவரைக்கும் எரிஞ்சது, பூட்டினது எதையும் பேப்பர்ல எழுதாத. லெட்டர் கேட்டா, ஃபைல் மேல போயிருக்குன்னு சொல்லு. புரியுதா? எழுதினா உன்ன நான் காப்பாத்த முடியாது."

அவர் என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். நானும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன். நிம்மதி சாப்பாடு வரைக்கும் இருந்தது.

4. யாருக்குக் கட்டினார்?

புதன்கிழமை பிற்பகல் நானே அந்தோணியம்மாளைத் தேடிப் போனேன். தவக்காலம் அது. எஸ்டேட்டில் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பம். அந்தோணியார் சாமிக்கு ஒரு சின்னக் கோயில். சாயங்காலம் சிலுவைப் பாதை ஜெபம் இருந்ததால் அவர் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொல்லிவிட்டேன். குரங்கையும்தான்.

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "குரங்கு மரம் ஏறுறதுக்கு என் கடுதாசிதான் கெடச்சுதா?"

"அக்கா, நான் ஒரு வழி வச்சிருக்கேன். என் மோதிரத்த அடகு வைக்கிறேன். பணத்த அவனுக்கு நானே அனுப்பிடுறேன். இன்டர்வியூவ மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி..."

"ஆறு வருஷம் தள்ளிப் போட்டதுதான் நாளைக்கு வருது."

எனக்குப் பேச்சு நின்றால் கிண்டல் வந்துவிடும். அது என் வியாதி. "சிலுவையில இருக்குற உங்க சாமிகூட இதே மாதிரி விலை குடுத்து மீட்டவர்தானேக்கா? வருஷா வருஷம் மைக்குல கேக்குறேன். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சனங்களப் பூட்டி வச்சிருந்தவன் சாத்தான். அப்ப கட்டின விலை சாத்தானுக்கா போச்சு? ரசீது குடுத்தானா?"

விளக்குமாறு என்மேல் விழும் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர் சிரித்தார்.

"இத நான் ஃபாதருகிட்ட எப்பவோ கேட்டாச்சு. ஆதி காலத்துல சில பேரு அப்படித்தான் சொன்னாங்களாம். பின்னால வந்தவங்க, சாத்தானே ஒரு திருடன், திருடனுக்கு யாரு பாக்கி வச்சா, அவனுக்கு ஏன் கட்டணும்னு கேட்டாங்களாம். ஃபாதரு நெறைய சொன்னாரு. நான் பிடிச்சுக்கிட்டது இதான். யாரு வாங்கினாங்கிறது பேச்சில்ல, கிராணி. யாரு குடுத்தா, எதக் குடுத்தாங்கிறதுதான். பணமா குடுக்கல. தன்னையே குடுத்தாரு. மாட்டிக்கிட்டவங்க நின்ன எடத்துல அவரே வந்து நின்னாரு."

"அது சாமி. அவரால முடியும்."

"நீங்க மோதிரத்த அடகு வச்சு அந்தத் தீவுக்காரனுக்கு அனுப்பினா எனக்கு என்னா வரும்?"

"சாவி வரும்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆகும். வந்தா."

"இன்டர்வியூ எப்ப?"

"நாளைக்கு."

"அப்ப அந்தப் பணம் எனக்கில்ல. உங்க தப்பு வெளிய தெரியாம இருக்குறதுக்கு. அவரு உசுரக் குடுத்தாரு. நான் உங்க உசுரக் கேக்கல. அத வச்சு நான் என்னா பண்ண? பதிவேட்டுல என் பேரப் பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தருதான் உசுரோட இருக்கீங்க. பழைய கிராணி செத்தாச்சு. என்கூட வந்து அத எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டா என் வேலை போயிரும்க்கா."

"போடலைன்னா என் வீடு போயிரும், கிராணி."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பால் எத்தனை கிலோ என்று சொல்கிற மாதிரி சொன்னார். குப்பையை அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு, "ஏழு மணி பஸ்" என்று உள்ளே போய்விட்டார்.

5. சிரம்பான்

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். தைரியத்தால் அல்ல. பஸ் நிற்கும் இடம் என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்தோணியம்மாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அங்கே நின்று என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தியப் பிரமாணம் வாங்கும் கமிஷனரிடம் போனோம். நான் சொல்லச் சொல்ல அவருடைய டைப்பிஸ்ட் மலாயில் தட்டினார். அந்தோணியம்மாள் என்பவரின் பேரும், தகப்பன் பேரும், பிறந்த வருஷமும், வேலைக்குச் சேர்ந்த தேதியும் இருந்த பக்கத்தை நான் என் கண்ணால் பார்த்துப் படியெடுத்தேன். அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லியும் நான் எரித்துவிட்டேன். படியெடுத்தது கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் நான் விளையாடிய விளையாட்டு. டைப்பிஸ்ட் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, "இதையும் போடணுமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். அதை விட்டுவிட்டால் மீதி நம்பும்படியாக இல்லை.

பதிவு இலாகாவில் இன்டர்வியூ எடுத்தவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, மரியாதைக்குப் புவான் என்று கூப்பிட வேண்டும். அந்தோணியம்மாளிடம் மலாயில் கேள்விகள் கேட்டார். அவர் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் படபடவென்று பதில் சொன்னார். பேச்சில் எங்கும் தடங்கல் இல்லை. பிறகு அதிகாரி என் பிரமாணத்தை எடுத்துப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன விளையாட்டு?"

"குரங்கு மரம் ஏறும் விளையாட்டு, புவான்."

"உங்களுக்கு என்ன வயது?"

"நாற்பத்திரண்டு, புவான்."

பக்கத்து மேசைக்காரர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"பதிவேடு தொலைந்துபோனது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? இது உங்கள் மேனேஜருக்குப் போகும். உறுதிப்படுத்தச் சொல்லி நான் கடிதம் போட வேண்டியிருக்கும்."

"தெரியும், புவான்."

"பிறகு ஏன்?"

"தொலைந்துபோனது என்றால் இவர் பேர் அதில் இருந்ததா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். நான் எரித்தேன் என்றால், எரிக்க ஒன்று இருந்தது என்றாவது ஆகும்."

அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டினார். "பொய் சொல்ல வருகிறவர்கள் தங்களை இவ்வளவு மோசமாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, பிரமாணத்தை அந்தோணியம்மாளின் ஃபைலில் வைத்துக் கோர்த்தார். அந்த நூல் இறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் அந்தோணியம்மாள் எனக்கு மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். தவக்காலம் என்பதால் அவர் வெறும் தேத்தண்ணீர். நான் இறாலைப் பொறுக்கித் தின்பதைப் பார்த்துக்கொண்டே, "நல்லாச் சாப்பிடுங்க கிராணி, நாளைக்குத் துரை இருக்காரு" என்றார்.

6. பிறகு

துரையிடம் மறுநாளே போய் நானே சொல்லிவிட்டேன். அதிகாரியின் கடிதம் வந்து தெரிவதைவிட அது நல்லது. அவர் மூன்று மொழியிலும் திட்டினார். தமிழில் திட்டியதுதான் நன்றாக இருந்தது. கடைசியில், "நான் சொன்னேன்தானே, காப்பாத்த முடியாதுன்னு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் வேலையிலிருந்து நீக்கும்படி அவர் எழுதவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சம்பள உயர்வு நின்றது. எனக்கு வரவேண்டிய பெரிய கிராணி வேலை வேறு ஒருவருக்குப் போனது. ஹெட் ஆபீஸ் ஆள் வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து வெறுமையாக்கிக் கொடுத்தார். தீவுக்காரனுக்கு யாரும் ஒரு காசும் அனுப்பவில்லை. நான் லயம் லயமாகப் போய், ஆட்களைக் கேட்டுக் கேட்டுப் பதிவேட்டைக் கையால் எழுதினேன்.

அந்தோணியம்மாளுக்கு அந்த வருஷக் கடைசியில் நீல ஐசி வந்தது. ஆபீஸ் ஜன்னலில் வைத்துக் காட்டினார். போட்டோவில் முறைத்துக்கொண்டு இருந்தார்.

"நல்லாருக்குக்கா. எனக்கு என்ன தரப் போறீங்க?"

"தர்றதா? அடுத்த புதன் நம்ம லயத்து முனியாண்டிக்கு இன்டர்வியூ. நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன்."

"அக்கா!"

"அவரு பேரும் அந்தப் புத்தகத்துலதானே இருந்துச்சு? எரிச்சது ஒரு பக்கம் மட்டுமா?"

ஒரு பக்கம் மட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தில் சிவப்பு ஐசிக்காரர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். நான்கு வருஷத்தில் பத்துத் தடவை சிரம்பான் போனேன். பத்துத் தடவையும் கையை உயர்த்தி, நான் என்ன விளையாடினேன் என்று சத்தியம் பண்ணினேன். எட்டுப் பேருக்கு நீல ஐசி கிடைத்தது. ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். இன்னொருவர் இப்போதும் காத்திருக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் அவருக்காகக் கூப்பிட்டால் போவேன்.

இப்போது ஆபீசுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது, தெரியாத டிஸ்கெட்டைப் போடாதே, பேக்கப்பை எடுத்து வைத்து அதை மிஷின் படிக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார் என்பதுதான். அதை எல்லாரும் சொல்கிறார்கள். என் கணக்கில் இன்னொன்றும் உண்டு. பூட்டி வைத்துப் பணம் கேட்கிறவன், எவ்வளவு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறான். அந்தோணியம்மாள் சொன்ன மீட்பில் அந்த வசதி கிடையாது. முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எத்தனை பஸ் என்று மெல்லத் தெரிய வருகிறது.